பிமிம்-பிஎஃப்4 + அசிட்டோநைட்ரைல்: மிகைக் கனஅளவு வளைவு 0.7-க்கு மேல் நேர்க்குறிக்குப் போகிறது, ஏன்?

உவர்நிலம் (கேள்வி)

வணக்கம். 1-பியூட்டைல்-3-மெத்தில்இமிடசோலியம் டெட்ராஃப்ளூரோபோரேட் (கீழே பிமிம்-பிஎஃப்4) என்ற அயனித் திரவத்தை (அறைவெப்பத்திலேயே திரவமாக இருக்கும் உப்பு) அசிட்டோநைட்ரைலுடன் கலந்து, 25 டிகிரி செல்சியஸில் அடர்த்தியும் பாகுநிலையும் அளந்திருக்கிறேன். அடர்த்திக்கு அதிர்குழாய் அடர்த்திமானி; பாகுநிலைத் திருத்தத்தைக் கருவி தானே செய்துவிடும். பாகுநிலைக்கு உப்பெலோட் குழாய் (தந்துகிக் குழாயில் திரவம் இறங்கும் நேரத்தை அளப்பது).

அயனித் திரவத்தின் மோல் பின்னமும் மிகை மோலார் கனஅளவும் (கலவையின் கனஅளவு, தூய கூறுகளின் கனஅளவுகளைக் கூட்டியதிலிருந்து விலகும் அளவு; செமீ³/மோல்):

0.1 → −0.33
0.3 → −0.50
0.5 → −0.30
0.7 → −0.01
0.8 → +0.13
0.9 → +0.26

தூய அயனித் திரவம் கையிருப்பு குறைவு என்பதால் அதைத் தனியாக அளக்கவில்லை. வெளியான கட்டுரைகளில் உள்ள 1.2012 கி/செமீ³ என்ற மதிப்பை எடுத்துக்கொண்டேன். அசிட்டோநைட்ரைலுக்கு நான் அளந்தது 0.7766.

இதே கலவை பற்றிய கட்டுரைகளில் வளைவு முழுவதும் எதிர்க்குறியில்தான் இருக்கிறது. என் வளைவு 0.7-க்கு மேல் நேர்க்குறிக்கு ஏறுகிறது. "0.7 வரை அயனி-இருமுனை ஈர்ப்பால் சுருக்கம், அதற்கு மேல் அயனி வலை குலைவதால் விரிவு" என்று எழுதலாமா? இன்னொரு சந்தேகம்: 0.3-ல் பாகுநிலை சுமார் 4 சென்டிபாய்ஸ்தான். நேர்கோட்டுச் சராசரியிலிருந்து விலகல் −28. எதிர்க்குறி என்றால் ஈர்ப்பு பலவீனம் என்று பாடநூலில் இருக்கிறது. கனஅளவு ஈர்ப்பு வலுவானது என்கிறது, பாகுநிலை பலவீனம் என்கிறது. எதை நம்புவது?

---

தராசுமுள்

விளக்கத்துக்குப் போகும் முன் உங்கள் கடைசி மூன்று புள்ளிகளைக் கவனியுங்கள். −0.01, +0.13, +0.26. ஒவ்வொரு 0.1-க்கும் ஏறத்தாழ 0.13 ஏறுகிறது. அதே கோட்டை 1.0 வரை நீட்டினால் +0.39-ல் முடியும். ஆனால் மோல் பின்னம் 1-ல் மிகைக் கனஅளவு பூச்சியமாக இருந்தே ஆக வேண்டும். அது அந்த அளவின் வரையறை. 0.9-லிருந்து 1.0-க்குள் வளைவு திடீரென +0.26-லிருந்து பூச்சியத்துக்குக் குதிக்க எந்த மூலக்கூறு காரணமும் கிடையாது. ஆகவே இது அயனி வலை குலைவது அல்ல. கலவையில் இருக்கும் திரவமும், தூய திரவம் என்று கணக்கில் போட்டிருக்கும் திரவமும் வேறு வேறு.

+0.39 என்பதிலிருந்தே உங்கள் திரவத்தின் உண்மை அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். மோலார் நிறை 226.02. அதை 1.2012-ஆல் வகுத்தால் 188.16 செமீ³. அதனுடன் 0.39 சேர்த்தால் 188.55. திருப்பி வகுத்தால் 1.1987 கி/செமீ³. கட்டுரை மதிப்பைவிட 0.0025 குறைவு. இவ்வளவு இறக்கத்துக்கு முதல் சந்தேகம் நீர்தான். நிறையில் 1 சதவீதம் நீர் இருப்பதாக வைத்து, கனஅளவுகளை அப்படியே கூட்டிப் பாருங்கள்: 0.99/1.2012 + 0.01/0.997 = 0.8342. தலைகீழி 1.1987. அச்சாகப் பொருந்துகிறது.

1 சதவீதம் என்றால் சொற்பம் என்று தோன்றும். மோல் கணக்கில் பாருங்கள்: 100 கிராமில் நீர் 0.0555 மோல், அயனித் திரவம் 0.438 மோல். நீரின் மோல் பின்னம் 0.11. பத்தில் ஒரு மூலக்கூறு நீர் என்றால் நீங்கள் அளந்தது இருகூறுக் கலவையே அல்ல, மூன்று கூறுக் கலவை. 200 பிபிஎம் வரை உலர்த்தினால் அதே பின்னம் 0.0025-க்கு இறங்கிவிடும். நான் ஏற்றுக்கொள்ளும் எல்லை அதுதான்.

செய்ய வேண்டியவை. கார்ல் ஃபிஷர் கூலோமெட்ரியில் (சிறிதளவு நீரையும் அளக்கும் மின்வேதி முறை) நீர் அளவைப் பாருங்கள். அதே பாட்டிலிலிருந்து 2 மில்லி எடுத்து, தூய திரவத்தின் அடர்த்தியை நீங்களே அளங்கள். கையிருப்பு குறைவு என்பதற்காகத் தூய திரவத்தின் அளவீட்டைக் கைவிடக் கூடாது; ஒரு கலவைப் புள்ளியை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாப் புள்ளிகளும் அந்த ஒரு எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

பாகுநிலைத் திருத்தம் இல்லாத பழைய கருவியில் அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பிசுக்கான திரவம் குழாயின் அதிர்வைத் தணிப்பதால் அடர்த்தி கூடுதலாகக் காட்டும். 100 சென்டிபாய்ஸ் திரவத்துக்கு இது பத்தாயிரத்தில் 4 பங்கு, அதாவது சுமார் 0.0005 கி/செமீ³. கலவைகள் இளகலாக இருப்பதால் அவற்றில் இந்தப் பிழை மிகக் குறைவு, தூய முனையில் மட்டும் அதிகம். விளைவாக 0.3-ல் மிகைக் கனஅளவு சுமார் 0.02 குறைவான சுருக்கத்தைக் காட்டும். நீரால் வந்த பிழையோடு ஒப்பிட்டால் சிறிது, ஆனால் மூன்றாவது தசமத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இது பெரிய பிழை.

---

மடக்கைவாசி

பாகுநிலைக் கேள்விக்கு மட்டும் பதில்.

நேர்கோட்டுச் சராசரி இந்தக் கலவைகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு முனையில் 105 சென்டிபாய்ஸ், மறுமுனையில் 0.34. முந்நூறு மடங்கு வித்தியாசம். 0.3-ல் நேர்கோடு 31.7 என்கிறது. மடக்கையில் சராசரி எடுத்தால் 0.3 × மடக்கை 105 + 0.7 × மடக்கை 0.34, அதாவது 1.9 சென்டிபாய்ஸ். நீங்கள் அளந்தது 4. ஆக நேர்கோட்டின்படி −28 என்ற பெரிய எதிர்க்குறி, மடக்கையின்படி இருமடங்குக்கு மேல் நேர்க்குறி. ஒரே அளவீடு, எதிரெதிர் முடிவு. எந்தக் கரைப்பானைச் சேர்த்தாலும் நேர்கோட்டு விலகல் பெரிய எதிர்க்குறியாகத்தான் வரும், ஏனென்றால் பாகுநிலை செயலூக்க ஆற்றலோடு அடுக்குக்குறி உறவு கொண்டது. டைகுளோரோமீத்தேனைப் போட்டாலும் அப்படி, டைமெத்தில் சல்ஃபாக்சைடை (டிஎம்எஸ்ஓ) போட்டாலும் அப்படி.

பாடநூல் விதி பென்சீன்-டொலுவீன் மாதிரி இரண்டு முனையும் பக்கத்தில் இருக்கும் கலவைகளுக்கு எழுதப்பட்டது. இங்கே அதைத் தூக்கிவந்து "ஈர்ப்பு பலவீனம்" என்று எழுதும் கட்டுரைகள் நிறைய. தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள். கிரன்பர்க்-நிசான் மாறிலியையோ (மடக்கைச் சராசரியிலிருந்து விலகலைச் சொல்வது), பாய்தலின் மிகை கிப்ஸ் ஆற்றலையோ பயன்படுத்துங்கள். இரண்டாவதில் மோலார் கனஅளவும் உள்ளே வருவதால் அளவு வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும்.

இன்னொன்று. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் கென்னத் செடன் குழு 2000-ல் காட்டியது இது: கரைப்பானைச் சேர்க்கும்போது பாகுநிலை இறங்குவது முக்கியமாகச் சேர்த்த மோல் பின்னத்தைப் பொறுத்தது, எந்தக் கரைப்பான் என்பது இரண்டாம்பட்சமே. அதே ஆய்வில் குளோரைடு மாசு பாகுநிலையை ஏற்றுவதும் நீர் இறக்குவதும் வருகின்றன. எனவே பாகுநிலையை மட்டும் வைத்து ஒரு குறிப்பிட்ட கரைப்பானின் ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றிப் பேசுவது அடித்தளம் இல்லாத கட்டடம். உங்கள் திரவத்தில் குளோரைடு எவ்வளவு என்றும் பாருங்கள். சில்வர் நைட்ரேட் துளியில் வெண்மை வராவிட்டால் "குளோரைடு இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். அயனி குரோமட்டோகிராஃபியில் ஓர் எண் வாங்குங்கள்.

---

உவர்நிலம்

இருவருக்கும் நன்றி. கார்ல் ஃபிஷர் மூன்று முறை பார்த்தேன்: 0.98, 1.01, 0.97 சதவீதம். தூய திரவத்தின் அடர்த்தி 1.1988. தராசுமுள் சார் கணக்கிட்டுச் சொன்ன எண்ணேதான். எல்லாவற்றையும் திரும்ப அளக்கிறேன். உலர்த்தும் முறையையும் கலவை தயாரிக்கும் முறையையும் படிப்படியாகச் சொல்ல முடியுமா? நான் இதுவரை 100 டிகிரி சூட்டடுப்பில் வைத்துவிட்டு, பிப்பெட்டில் கனஅளவு பார்த்துக் கலந்தேன்.

---

தராசுமுள்

100 டிகிரியை உடனே நிறுத்துங்கள். இது வீணான வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பிஎஃப்4 எதிர்அயனி நீரோடு சூடாகும்போது நீராற்பகுப்பு அடைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு விடும். பிஎஃப்6 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்ஃபேட்டுக்கும் இதே கதி. ஹைட்ரஜன் ஃபுளோரைடு கண்ணாடியை அரிக்கும். அடர்த்திமானியின் அதிர்குழாய் போரோசிலிகேட் கண்ணாடி; உட்சுவர் அரிபட்டால் அளவீட்டுத் திருத்தம் மெல்ல நகரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கைக்கும் நுரையீரலுக்கும் வரும் தீங்கு தனி. சந்தேகமான மாதிரியைப் புகைபோக்கி அறைக்கு வெளியே திறக்காதீர்கள்.

நீர் அதிகம் இருக்கும்போது குறைந்த சூட்டில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பிறகு சூட்டை ஏற்ற வேண்டும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அசிட்டோநைட்ரைலும் நீரும் சேர்ந்து 76 டிகிரியில் கொதிக்கும் மாறாக்கொதிநிலைக் கலவையைத் தரும். அதில் நீர் சுமார் 16 சதவீதம். எப்படியும் அசிட்டோநைட்ரைலோடுதான் கலக்கப் போகிறீர்கள், அதையே உலர்த்தும் துணையாக்குங்கள். அயனித் திரவத்தோடு சம கனஅளவு உலர்ந்த அசிட்டோநைட்ரைல் சேர்த்து, சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரி தொட்டியில் இறக்குங்கள். இதை இரண்டு முறை செய்யுங்கள். பிறகு காந்தக் கலக்கியோடு உயர் வெற்றிடத்தில் 60 முதல் 70 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம். கலக்காமல் வைத்தால் பிசுக்கான திரவத்தின் அடியிலிருக்கும் நீர் மேலே வராது. முடிவில் நீரை மட்டும் பார்க்காமல், புரோட்டான் என்எம்ஆரில் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வேதிநகர்வு 2 பிபிஎம் பக்கம் அசிட்டோநைட்ரைல் மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மீதி இருந்தால் தூய முனையின் அடர்த்தி மறுபடியும் தப்பாகும்.

அசிட்டோநைட்ரைலுக்கு 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடை. 300 டிகிரியில் இரவு முழுக்கச் செயலூட்டி, ஆறியதும் போட்டு இரண்டு நாள் விடுங்கள். 4 ஆங்ஸ்ட்ராம் வேண்டாம், அதன் துளைக்குள் அசிட்டோநைட்ரைலே நுழைந்து நீருக்கு இடமில்லாமல் செய்துவிடும். எடுக்கும் முன் வடிகட்டுங்கள். சல்லடைத் தூள் அதிர்குழாய்க்குள் போனால் தொல்லை.

கலப்பது எப்போதும் நிறையால், 0.1 மில்லிகிராம் தராசில். 0.3 பின்னத்தில் 8 மில்லி வேண்டுமானால் அயனித் திரவம் 5.80 கிராம், அசிட்டோநைட்ரைல் 2.46 கிராம். பிசுக்கான திரவம் பிப்பெட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கனஅளவில் எடுப்பது எந்த நாளும் சரிவராது.

முதலில் அயனித் திரவத்தைக் குப்பியில் எடையிட்டு, ரப்பர் மூடி போட்டு, அசிட்டோநைட்ரைலை ஊசிவழி இறக்குங்கள். வரிசையை மாற்றினால் பிசுக்கான திரவம் சொட்டும் நேரமெல்லாம் கரைப்பான் ஆவியாகிக்கொண்டிருக்கும். குப்பியைக் கழுத்துவரை நிரப்பும் அளவில் தேர்ந்தெடுங்கள். 5 மில்லி காலி இடம் இருந்தால் 25 டிகிரியில் அதில் நிற்கும் அசிட்டோநைட்ரைல் ஆவி கிட்டத்தட்ட 1 மில்லிகிராம், பொறுத்துக்கொள்ளலாம். டைகுளோரோமீத்தேன் என்றால் அதே இடத்தில் 10 மில்லிகிராம், பொறுத்துக்கொள்ள முடியாது.

கலந்தபின் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள், உதறினால் நுண்குமிழிகள் சிக்கும். அயனித் திரவம் அதிகமுள்ள கலவைகளில் குமிழி மேலேறவே நேரமெடுக்கும். அதிர்குழாயில் ஒரு குமிழி நின்றால் அடர்த்தி குறைந்து, மிகைக் கனஅளவு நேர்க்குறிக்குச் சாயும், நீரைப் போலவே. கருவியின் கண்ணாடிச் சாளரத்தில் ஒவ்வொரு முறையும் பாருங்கள். மாதிரிகளுக்கு இடையே உலர்ந்த அசிட்டோன், பிறகு உலர்காற்று. காலையும் மாலையும் 25 டிகிரியில் தூய நீர் 0.99705 காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

---

நிறமாலைப்பிரியை

அளவீடு சரியானபின் வளைவு முழுவதும் எதிர்க்குறிக்கு வந்துவிடும், குழி 0.3 பக்கம் இருக்கும். அப்போது "அயனி-இருமுனை ஈர்ப்பு வலுவானது" என்று ஒரே வரியில் முடித்துவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அசிட்டோநைட்ரைலின் மோலார் கனஅளவு 52.9 செமீ³, அயனித் திரவத்தினது 188. பெரிய, வளைந்த நேர்அயனிகளின் இடுக்குகளில் சின்னக் கம்பி போன்ற மூலக்கூறு செருகிக்கொள்வதே போதும், சுருக்கம் வந்துவிடும். ஈர்ப்பு கூடியதா, அடுக்கல் நெருங்கியதா என்று மிகைக் கனஅளவின் குறியால் பிரித்துச் சொல்ல முடியாது. குழி 0.5-ல் இல்லாமல் 0.3-க்கு நகர்ந்திருப்பதிலும் அளவு வேறுபாட்டுக்குப் பெரும் பங்குண்டு. மூலக்கூறு இடைவினை என்று தலைப்பில் எழுத வேண்டுமானால் மூலக்கூறைப் பார்க்கும் கருவி ஒன்று வேண்டும்.

அகச்சிவப்பில் வளையத்தின் சி-எச் நீட்சிகள் 3100 முதல் 3170 செமீ⁻¹ வரை. 3120 பக்கம் உள்ள பட்டையில் இரண்டாம் கார்பனின் (இரு நைட்ரஜன்களுக்கு நடுவில் இருப்பது) பங்கு, 3160 பக்கம் நான்காம், ஐந்தாம் கார்பன்களின் பங்கு. இங்கேதான் பலர் விழுகிறார்கள்: அசிட்டோநைட்ரைலுக்கே 3164-ல் ஒரு மெலிந்த கூட்டுப்பட்டை இருக்கிறது. கரைப்பான் அதிகமாக ஆக அது வளையப் பட்டைமேல் ஏறி, பட்டை நகர்வது போலவே காட்டும். டியூட்டிரியம் ஏற்றிய அசிட்டோநைட்ரைலைப் பயன்படுத்துங்கள். சாதாரண அசிட்டோநைட்ரைலில் 2253, 2293 என்று இரட்டையாக வரும் நைட்ரைல் பட்டை, டியூட்டிரியம் சேர்ந்ததில் 2262 பக்கம் ஒற்றையாக வரும். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு புள்ளிக்கு 0.3 மில்லி போதும்.

ஏடிஆரில் (படிகத்தின் பரப்பில் மாதிரியை வைத்து ஒளியை எதிரொளித்து எடுக்கும் முறை) எடுத்தால் எதிர்அயனியின் 1050 பக்கப் பட்டையின் இடத்தை நம்பாதீர்கள். அவ்வளவு வலுவான பட்டை ஏடிஆரில் ஒளிவிலகல் மாற்றத்தால் தானே சில அலகு கீழிறங்கும். கலவை நீர்க்க நீர்க்க அந்த இறக்கமும் மாறும். அதை எதிர்அயனி விடுபடுவதாகப் படிப்பது பெரும் பிழை. கால்சியம் ஃபுளோரைடு தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக எடுத்தால் சி-எச் பகுதி சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தகடு 1050-க்கு ஒளிபுகாது என்பதால் இரண்டையும் ஒரே தகட்டில் பார்க்க முடியாது.

என்எம்ஆரில் இரண்டாம் கார்பனின் புரோட்டானைப் பாருங்கள், ஆனால் பூட்டுக் கரைப்பானை (காந்தப்புலத்தை நிலைநிறுத்தக் கருவி பயன்படுத்துவது) மாதிரிக்குள் ஊற்றாமல் உள்நுழை நுண்குழாயில் கனநீராக வையுங்கள். மாதிரிக்குள் டிஎம்எஸ்ஓ ஊற்றினால் அதுவே அந்தப் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். வெளிக் குறிப்பு என்பதால் காந்த ஏற்புத்திறன் திருத்தம் தேவை. அல்லது பியூட்டைல் முனை மெத்திலை உள்குறிப்பாக வைத்து வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்? குட்மன் கொடை எண் (எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் திறன்) அசிட்டோநைட்ரைலுக்கு 14.1, டிஎம்எஸ்ஓவுக்கு 29.8. மின்புகுதிறன் 36-க்கு எதிர் 46, அதிகத் தூரமில்லை. ஆகவே எதிர்அயனியைத் தள்ளிவிட்டு இரண்டாம் கார்பனின் புரோட்டானைப் பிடிக்கும் போட்டியில் டிஎம்எஸ்ஓ வெல்லும், அசிட்டோநைட்ரைல் தடுமாறும். அதே பின்னங்களில் டிஎம்எஸ்ஓ வரிசை ஒன்றும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் உங்கள் அசிட்டோநைட்ரைல் நகர்வு பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

இரண்டாம் கார்பனில் மெத்தில் போட்ட நேர்அயனியோடும் ஒப்பிடலாம், பிஸ்(ட்ரைஃப்ளூரோமீத்தேன்சல்ஃபோனைல்)இமைடு எதிர்அயனியோடு அது அறைவெப்பத்தில் திரவம். ஹைட்ரஜன் பிணைப்பின் முக்கிய இடத்தை அடைத்துவிட்டால் பாகுநிலை இறங்க வேண்டும் என்று நினைப்போம். உண்மையில் அது ஏறுகிறது. "ஹைட்ரஜன் பிணைப்பு கூடினால் பாகுநிலை கூடும்" என்று நேராகக் கோடு போடுபவர்கள் இந்த ஒரு உண்மைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

மடக்கைவாசி

மேலே சொன்னதோடு மின்கடத்துதிறனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செலவில்லாத அளவீடு. கரைப்பான் சேர்க்கச் சேர்க்க முதலில் ஏறி, அயனித் திரவப் பின்னம் 0.1-க்கும் 0.2-க்கும் இடையே உச்சம் தொட்டு இறங்கும். ஏற்றம் பாகுநிலை குறைவதால், இறக்கம் அயனிகளின் எண்ணிக்கை குறைவதால். மோலார் கடத்துதிறனையும் பாகுநிலையின் தலைகீழியையும் மடக்கை அச்சுகளில் வால்டன் வரைபடமாகப் போடுங்கள். அசிட்டோநைட்ரைல் வரிசையையும் டைகுளோரோமீத்தேன் வரிசையையும் ஒரே தாளில் போட்டால், மின்புகுதிறன் 8.9 மட்டுமே உள்ள டைகுளோரோமீத்தேனில் நீர்த்த கலவைகள் குறிப்புக் கோட்டுக்கு (அயனிகள் முழுதும் பிரிந்த கரைசலின் கோடு) கீழே விழுவது தெரியும். அங்கே அயனிகள் இணைகளாகவும் திரள்களாகவும் ஒட்டிக்கொள்கின்றன. மிகைக் கனஅளவு இரண்டுக்கும் எதிர்க்குறிதான், அது இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

---

உவர்நிலம்

ஒலிவேகமும் அளக்க வசதி இருக்கிறது. மிகை அமுக்கத்தகவுக்கு, அளந்த அமுக்கத்தகவிலிருந்து மோல் பின்னச் சராசரியைக் கழித்தால் போதுமா?

---

தராசுமுள்

போதாது. நல்லியல்பு அமுக்கத்தகவைக் கனஅளவுப் பின்னத்தில் எடுக்க வேண்டும். அதுவும் சமவெப்ப அமுக்கத்தகவுக்குத்தான் நேராகக் கூடும். ஒலிவேகத்திலிருந்து வரும் சமஎன்ட்ரோப்பி அமுக்கத்தகவுக்கு வெப்பவிரிவுக் குணகமும் வெப்ப ஏற்புத்திறனும் அடங்கிய பென்சன்-கியோஹாரா உறுப்புகளைச் சேர்க்க வேண்டும். உங்கள் கலவையில் 0.3 மோல் பின்னம் என்பது கனஅளவில் 0.60. எந்தப் பின்னத்தை எடுக்கிறீர்கள் என்பது முடிவையே புரட்டும்.

வெப்பவிரிவுக் குணகத்துக்கு எப்படியும் 20, 25, 30, 35 டிகிரிகளில் அடர்த்தி வேண்டும், அதையும் அளந்துவிடுங்கள். ரெட்லிச்-கிஸ்டர் பொருத்தத்தில் (மிகை அளவுக்குப் பல்லுறுப்புக் கோவை பொருத்துவது) ஒன்பது புள்ளிக்கு ஐந்து கெழு போடாதீர்கள், மூன்று போதும். 0.02, 0.05 இரண்டிலும் கூடுதல் புள்ளிகள் எடுங்கள். குழியின் இடப்பக்கச் சரிவு செங்குத்தானது. எல்லையற்ற நீர்ப்பில் பகுதி மோலார் கனஅளவு அங்கிருந்துதான் வரும், பொருத்தக் கோட்டை நீட்டி எடுத்தால் தவறும்.